புதிய ரெனைசான்ஸ் ஃபேரில் கடை போடுவது எப்படி? (டெக்சாஸ், தோல் பொருட்கள்)

தோல்வார்:
வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில், வரும் வசந்தத்தில் முதல் முறையாக ஒரு ரெனைசான்ஸ் ஃபேர் (பழைய கால ஐரோப்பிய ஊர் போல வேடமும் கடைகளுமாக நடக்கும் விழா) நடத்தப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். மூன்று வாரயிறுதி, மொத்தம் ஆறு நாள். கைவினைக் கடைகளுக்கு விண்ணப்பம் திறந்திருக்கிறது. நான் செய்வது தோல் பெல்ட், இடுப்புப் பை, குவளை மாட்டும் வார். சந்தையில் கடை போடுவது பழக்கம்தான், ஆனால் இந்த வகை விழா புதிது. விண்ணப்பத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும், டென்ட் எப்படி இருக்க வேண்டும், எவ்வளவு சரக்கு எடுத்துப் போக வேண்டும், வரி விஷயம் என்ன? அடுத்தடுத்துக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கூடாரக்காரர்:
முதலில் உங்கள் சரக்கைப் பற்றி யோசிக்காதீர்கள். நடத்துபவரைப் பற்றி யோசியுங்கள். பழைய விழா என்றால் கூட்டம் வரும் என்பது தெரிந்த விஷயம். டாட் மிஷனில் 1974 முதல் நடக்கும் டெக்சாஸ் ரெனைசான்ஸ் ஃபெஸ்டிவலும், வாக்ஸஹாச்சியில் 1981 முதல் நடக்கும் ஸ்கார்பரோவும் அந்த வகை. அங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம். புது விழாவில் இடம் உடனே கிடைத்துவிடும், விழா நடக்குமா என்பதுதான் கேள்வி.

எனவே பணம் கட்டும் முன் மூன்று போன் கால்.

ஒன்று, கவுண்டி ஜட்ஜ் (நம் மாவட்டம் போன்ற கவுண்டியின் நிர்வாகத் தலைவர்) அலுவலகம். டெக்சாஸில் நகர எல்லைக்கு வெளியே 2,500 பேருக்கு மேல் கூடி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடிய நிகழ்ச்சி என்றால் 'மாஸ் கேதரிங்' (பெருங்கூட்டம்) பெர்மிட் வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் வந்திருக்கிறதா, நில உரிமையாளர் பெயர் என்ன என்று கேளுங்கள். இன்னும் வரவில்லை என்றாலும் பயப்பட வேண்டியதில்லை, நாள் இருக்கலாம். ஆனால் "அப்படி ஒரு விழாவா? யாரும் பேசவே இல்லையே" என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, அந்தப் பகுதி ஃபயர் மார்ஷல் (தீப் பாதுகாப்பு அதிகாரி). டென்ட் துணிக்கு என்ன சான்று கேட்பார்கள், எந்த அளவு தீயணைப்பான் வேண்டும் என்று இவரிடமே கேட்டுக்கொண்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

மூன்று, நடத்துபவர். அவரிடம் கேட்க வேண்டியவை: எத்தனை கடைகள், அதில் தோல் கடை எத்தனை? விளம்பரம் எங்கே, எப்போது தொடங்குகிறது? எந்தக் கலைஞர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்? பார்க்கிங் எங்கே, உள்ளே வரும் சாலை எத்தனை? மழை பெய்தால் கார்கள் எங்கே நிற்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டு விழாக்கள் படுப்பதற்குக் கூட்டம் வராததைவிட, வந்த கூட்டம் உள்ளே நுழைய முடியாததே பெரும்பாலும் காரணம். ஒற்றைச் சாலை, டிக்கெட் பார்க்க இரண்டே ஆள், சேற்றில் சிக்கிய கார். மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்தவர் உள்ளே வந்து பெல்ட் வாங்க மாட்டார். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்றுதான் கேட்பார்.

சக்கரம்:
கூடாரக்காரர் சொன்னதோடு தேதியையும் பாருங்கள். வசந்தத்தில் மெக்டேட் பக்கம் ஷெர்வுட் ஃபாரஸ்ட் ஃபேர் இருக்கிறது (2010 முதல்). ஸ்கார்பரோ ஏப்ரலில் தொடங்கி மே கடைசி வரை போகும். புது விழாவின் தேதி இவற்றின் மேல் விழுந்தால், விழாவுக்கு விழா போகும் தேர்ந்த கடைக்காரர்களும் ஜக்லர்களும் வரமாட்டார்கள், பழக்கப்பட்ட பார்வையாளர்களும் பிரிந்துவிடுவார்கள். ஆனால் உங்களைப் போன்ற புதியவருக்கு அதில் ஒரு லாபமும் உண்டு: தோல் வகையில் போட்டி குறையும்.

பணம் கேட்கும் விதத்தையும் கவனியுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், போன் ஆப்பில் 'நண்பர்களுக்கு' என்ற வகையில் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அந்த வகையில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. இன்வாய்ஸ் கேளுங்கள், கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.

தோல்வார்:
நன்றி. ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். 10க்கு 10 அடி இடத்துக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள்: மொத்தமாக 600 டாலர், அல்லது 300 டாலரும் விற்பனையில் 10 சதவீதமும். எது நல்லது? ஒப்பந்தத்தில் வேறு எதைத் தேட வேண்டும்?

கூடாரக்காரர்:
இரண்டும் 3,000 டாலர் விற்பனையில் சமமாகும். அதற்குக் கீழே விற்றால் சதவீத வழி மலிவு, மேலே போனால் மொத்தக் கட்டணம் மலிவு. புது விழாவுக்கு நான் சொல்வது சதவீத வழி. கூட்டம் வரவில்லை என்றால் நடத்துபவருக்கும் வருமானம் குறையும், அதனால் விளம்பரத்தில் அவர் அக்கறை காட்டுவார். சதவீதம் வரிக்கு முன் விற்பனையிலா, வரி சேர்த்த தொகையிலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரிப்பணத்துக்கும் சேர்த்துப் பத்து சதவீதம் கொடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை. விழா ரத்தானால் பணம் திரும்ப வருமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றப்படுமா? 'மழையோ வெயிலோ' என்று எழுதியிருந்தால் மழைக்குத் திருப்பித் தரமாட்டார்கள் என்று பொருள். ஆனால் நடத்துபவரே பெர்மிட் வாங்கத் தவறினால் என்ன என்று தனியாக ஒரு வரி வேண்டும். புயல் எச்சரிக்கையில் கடையை மூட உங்களுக்கு உரிமை உண்டா? சில ஒப்பந்தங்களில் நேரத்துக்கு முன் மூடினால் அபராதம். அந்த விதியில் 'பாதுகாப்புக் காரணம் தவிர' என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்துவிடுவார்கள், அதற்கெல்லாம் தயங்க மாட்டார்கள்.

எத்தனை பாஸ், இரவில் காவல் உண்டா, கடைக்காரர்கள் தங்கிக் கூடாரம் அடிக்கலாமா, மின்சாரம் உண்டா (பெரும்பாலும் இருக்காது), வண்டி எத்தனை மணிக்குள் வெளியே போக வேண்டும்: இவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. "இந்த ஆண்டே நிரந்தரக் கடை கட்டிக்கொண்டால் மூலை இடம் தருகிறோம்" என்று சொல்வார்கள். பழைய விழாக்களில் மரக்கடை கடைக்காரருடையது, நிலம் மட்டும் வாடகை என்பது வழக்கம். அதைப் பார்த்துப் புது விழாவிலும் ஆசைப்படுவார்கள். வேண்டாம். இரண்டு பருவம் ஒழுங்காக நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஆண்டுச் செலவெல்லாம் வேறு விழாவுக்கும் வண்டியில் ஏற்றிப் போகக்கூடிய பொருளாக இருக்கட்டும்.

வரிக்கணக்கு:
டெக்சாஸ் என்பதால் வரிப் பகுதியை நான் சொல்கிறேன்.

கம்ப்ட்ரோலர் (மாநில வரி வசூல் அதிகாரி) அலுவலகத்தில் சேல்ஸ் டாக்ஸ் (விற்பனை வரி) பெர்மிட் எடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், ஆனால் எண் கைக்கு வர நாள் எடுக்கும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வேறு மாநிலத்திலிருந்து வருபவரும் ஒரே ஒரு வாரயிறுதி விற்றாலும் இது வேண்டும்.

மாநில விகிதம் 6.25 சதவீதம். அதன் மேல் நகரம், கவுண்டி, சிறப்பு மாவட்டம் எல்லாம் சேர்ந்து 2 சதவீதம் வரை. உச்சம் 8.25. உங்கள் விழா நகர எல்லைக்கு வெளியே என்றால் குறைவாக இருக்கலாம். கம்ப்ட்ரோலர் தளத்தில் விழா நடக்கும் முகவரியைக் கொடுத்தால் விகிதம் வரும். நடத்துபவர் வாய்மொழியாகச் சொல்லும் எண்ணை நம்பி வசூலிக்க வேண்டாம்.

விலையில் வரியைச் சேர்த்துச் சொல்வது இந்த விழாக்களில் வசதி. 20 டாலர் என்றால் 20 டாலர், சில்லறைத் தொல்லை இல்லை. அப்படிச் செய்தால் 'விலையில் விற்பனை வரி அடக்கம்' என்று கண்ணில் படும்படி பலகை வையுங்கள். கணக்கு எழுதும்போது பிரித்துக்கொள்ளுங்கள்: 8.25 சதவீத இடத்தில் 20ஐ 1.0825ஆல் வகுத்தால் 18.48, வரி 1.52. பலர் 20இல் 8.25 சதவீதம் என்று 1.65 எடுத்துவைத்து, கூடுதலாகக் கட்டுகிறார்கள்.

பெர்மிட் எடுத்துவிட்டால், விற்பனை இல்லாத காலத்துக்கும் பூஜ்யம் போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். இதை விட்டால்தான் அபராதக் கடிதம் வரும். தோல் வாங்கும்போது மறுவிற்பனைச் சான்று கொடுத்தால், மூலப்பொருளுக்கு வரி கட்டத் தேவையில்லை. கருவிகளுக்கும் டென்ட்டுக்கும் அது செல்லாது.

இன்சூரன்ஸ்: பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் என்பதுதான் வழக்கமாகக் கேட்கும் அளவு. சான்றிதழில் நடத்துபவர், நில உரிமையாளர் இருவர் பெயரும் 'கூடுதல் காப்பீடு பெற்றவர்' என்று வர வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டலையே அப்படியே கொடுங்கள். கம்பெனிப் பெயரில் ஒரு சொல் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்புவார்கள். நிகழ்ச்சிக்கு மட்டும் எடுக்கும் பாலிசியும் உண்டு, ஆண்டு முழுவதுக்குமான பாலிசியும் உண்டு. மூன்று வாரயிறுதி என்றால் இரண்டுக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். நாள் கணக்கு பாலிசி என்றால் அமைக்கும் நாளும் பிரிக்கும் நாளும் அதற்குள் வர வேண்டும். டென்ட் அடுத்த கடைப் பானை மேல் விழுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

சக்கரம்:
விண்ணப்பத்தில் தேர்வுக் குழு பார்ப்பது படங்களைத்தான். பொருளுக்கு நான்கைந்து படம், வெற்றுப் பின்னணி, பகல் வெளிச்சம். செய்யும்போது எடுத்த ஒரு படம் கட்டாயம்: தோலை வெட்டுவது, தைப்பது. வாங்கி விற்பவர் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கூடவே அமைத்த கடையின் ஒரு படம். கடை இல்லையென்றால் வீட்டு முற்றத்திலேயே முழுதாக அமைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்.

கைவேலைக்கு இவ்வளவு அழுத்தம் ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள். 1963இல் ஃபில்லிஸ், ரான் பேட்டர்சன் தம்பதி லாஸ் ஏஞ்சலிஸில் கேபிஎஃப்கே வானொலிக்கு நிதி திரட்ட இதைத் தொடங்கியதிலிருந்தே கைவினைஞர்கள் இந்த விழாக்களோடு இருக்கிறார்கள். பார்வையாளர் டிக்கெட் வாங்கி உள்ளே வருவது ஒரு ஊருக்குள் நுழைவதற்காக. அங்கே இணையத்தில் கிடைக்கும் அதே பிளாஸ்டிக் பொருள் இருந்தால் ஊர் கலைந்துவிடும். புது விழாக்கள் இடத்தை நிரப்புவதற்காக இதில் தளர்ந்துவிடுகின்றன. பக்கத்துக் கடையில் பேட்டரி வாள் விற்றால் உங்கள் கைவேலை பெல்ட் எடுபடாது. அதனால் 'வாங்கி விற்பவர்களை அனுமதிக்கிறீர்களா' என்று முன்பே கேளுங்கள்.

டென்ட்: நீல நிற, வெள்ளை நிற பாப்-அப் (மடக்குச் சட்ட டென்ட்) அப்படியே நின்றால் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். பருத்தி கான்வாஸ் பெவிலியன் (கயிறு இழுத்துக் கட்டும் பழைய பாணிக் கூடாரம்) வாங்கிவிடுவது நல்லது. தோற்றம், நிழல், காற்று மூன்றிலும் அதுதான் சரி.

கூடாரக்காரர்:
சக்கரம் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து. முதல் ஆண்டுக்குப் பெவிலியன் வேண்டாம். விலை அதிகம், கயிறு இழுக்க நான்கு பக்கமும் கூடுதல் இடம் வேண்டும். 10க்கு 10 என்று அளந்து கொடுத்த இடத்தில் 10 அடி பெவிலியன் நிற்காது. கயிற்றுக்கு மட்டும் பக்கத்துக்கு மூன்று நான்கு அடி போகும். நல்ல கனமான சட்டமுள்ள, பழுப்பு நிறக் கூரை பாப்-அப் எடுத்து, அதை மறையுங்கள்.

மறைப்பது இப்படி. பெயின்டர்கள் தரையில் விரிக்கும் பருத்தி கான்வாஸ், 9க்கு 12 அடி அளவில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மூன்று பக்கச் சுவருக்கு மூன்று, கால்களுக்கும் முன் தொங்கலுக்கும் ஒன்று. முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, பிறகு வெட்டுங்கள். கால் ஒவ்வொன்றுக்கும் சுற்றுவதற்கு ஒரு அடி அகலத் துணி, உள்பக்கம் நாடா. கூரைமேல் பருத்தி போடாதீர்கள். மழையில் நீரைக் குடித்து எடை ஏறும், பாப்-அப் சட்டம் மடங்கிவிடும். முன்பக்கத் தொங்கலை மட்டும் பற்களாக வெட்டித் தைத்தால் பார்ப்பவர் கண் அங்கே நின்றுவிடும், கூரைக்குப் போகாது.

இந்தத் துணிக்குத் தீ எதிர்ப்புச் சான்று கிடையாது. ஃபயர் மார்ஷல் என்எஃப்பிஏ 701 (துணியின் தீ எதிர்ப்புச் சோதனைத் தரம்) கேட்டால் இரண்டு வழி: சான்றுடன் விற்கும் கான்வாஸ் வாங்குவது, அல்லது தீ எதிர்ப்புத் திரவம் தெளித்து, பாட்டிலின் ரசீதும் சோதனைத் துண்டும் வைத்திருப்பது. இரண்டாவதை எல்லாரும் ஏற்பதில்லை, அதனால்தான் முன்பே கேட்கச் சொன்னேன். தெளித்த துணியைத் துவைத்தால் மருந்து போய்விடும், மழையில் நனைந்தாலும் பல மருந்துகள் கரையும். மறுபடி தெளிக்க வேண்டும். தீயணைப்பான் 2ஏ-10பிசி அளவு (அதன் மேல் எழுதியிருக்கும் தரக்குறி), ஆய்வுச் சீட்டுடன், சாக்குத் துணியில் மூடாமல் கைக்கு எட்டும் இடத்தில்.

சக்கரம்:
சரி, 10 அடிக்கு அளந்த இடம் என்றால் கயிறு பிரச்சினைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெக்சாஸ் வசந்தக் காற்றுக்குப் பாப்-அப் எப்படி நிற்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கூடாரக்காரர்:
சொல்கிறேன், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

ஒரு காலுக்கு 40 பவுண்டு குறைந்தபட்சம். பக்கச் சுவர் கட்டியிருந்தால் அது பாய்மரம் போல் காற்றை வாங்கும், அதற்கு 40 போதாது, இரட்டிப்பாக்குங்கள். ஐந்து கேலன் வாளி நிறையத் தண்ணீர் சுமார் 42 பவுண்டு. விளிம்பு வரை நிரப்பினால்தான் அந்த எடை. முக்கால் வாளி என்றால் 31தான். மலிவும் மறைக்க எளிதுமான வழி: 4 அங்குல பிவிசி குழாய், 3 அடி நீளம், அடியில் மூடி, உள்ளே கான்கிரீட், மேலே கொக்கி போல்ட் பதித்துவிடுங்கள். ஒன்று சுமார் 38 முதல் 40 பவுண்டு வரும். நான்கு செய்ய 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை இரண்டு போதும். காய இரண்டு மூன்று நாள் விடுங்கள். மேலே சாக்கு சுற்றினால் மரக்கட்டை போல் இருக்கும்.

எடையைக் காலடியில் வைத்தால் மட்டும் பயனில்லை. கூரைச் சட்டத்தின் மூலையில் பட்டையைக் கட்டி, எடையோடு இறுக்கமாக இணைக்க வேண்டும். காற்று தூக்குவது கூரையை. கால் தரையில் இருக்க, கூரை பிய்ந்து பறக்கும்.

தரையில் முளை அடிக்கலாம் என்றால் எடையைவிட அது நல்லது. 18 முதல் 24 அங்குல இரும்பு முளை, டென்ட்டுக்கு எதிர்த்திசையில் சாய்த்து. மேல்முனையில் மரக்குண்டு மாட்டுங்கள், நீளப் பாவாடையோடு நடப்பவர் தடுக்கி விழக்கூடாது. புதிய இடம் என்பதால் நடத்துபவர் 811க்கு (தோண்டும் முன் அழைக்கும் இலவச எண்) அழைத்து நிலத்தடிக் குழாய், கேபிள்களைக் குறித்துவைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பழைய பண்ணை நிலத்தில் வரைபடத்தில் இல்லாத தனியார் தண்ணீர்க் குழாயும் இருக்கும். அதை 811 குறிக்காது, நில உரிமையாளர்தான் சொல்ல வேண்டும்.

மழைநீர் கூரை மூலைகளில் குளம் கட்டும். நீச்சல் குளத்து நுரைக் குழாய் ஒன்றை வளைத்து மூலையில் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே செருகினால் துணி விறைத்து நிற்கும், நீர் வழியும். இரவு கிளம்பும்போது கூரையை இரண்டு பக்கக் கால்களையும் தாழ்த்தி இடுப்பளவுக்கு இறக்கிவிடுங்கள். புயல் எச்சரிக்கை என்றால் முழுவதும் மடித்துப் படுக்கப் போட்டுவிட்டுப் போங்கள். பருத்தி, சணல் கயிறு நனைந்தால் இறுகும். மழைக்கு முன் கொஞ்சம் தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும்.

தோல்வார்:
மிகவும் பயனுள்ளது. இனி சரக்கு. ஆறு நாளுக்கு எவ்வளவு எடுத்துப் போவது? என்ன விலையில்?

ஊசிநூல்:
தோலும் உடையும் என் வேலை, அதனால் இதற்கு நான் வருகிறேன்.

முதலில் எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது என்று பாருங்கள். உதாரணத்துக்கு இடம் 600, இன்சூரன்ஸ் 150, டென்ட் மறைப்பும் எடையும் 350, பயணம் 300, மொத்தம் 1,400. விலையில் மூலப்பொருள் 30 சதவீதம், கார்டு கட்டணம் 3 சதவீதம் என்றால் ஒவ்வொரு டாலரிலும் 67 காசு மிஞ்சும். 1,400ஐ 0.67ஆல் வகுத்தால் சுமார் 2,090. நாளுக்கு 350 டாலர். அதுவரை உங்கள் உழைப்புக்கு எதுவும் இல்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு விழாவைப் பாருங்கள்.

சரக்கு, எதிர்பார்க்கும் விற்பனையின் மூன்று மடங்கு சில்லறை மதிப்பில். காலி மேசையில் யாரும் வாங்குவதில்லை. எல்லாவற்றையும் முதல் நாளே விரிக்கவும் வேண்டாம், ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று தெரியட்டும்.

இந்த விழாவுக்கான பெல்ட் வேறு. வளையத்தில் நுழைத்து முடிச்சுப் போட்டு, மீதி முன்னால் தொங்கும். ஒன்றரை அங்குல அகலம், 8-9 அவுன்ஸ் தாவரப் பொருளால் பதனிட்ட தோல் (தோலில் அவுன்ஸ் என்பது தடிமன் அளவு; ஒரு அவுன்ஸ் சுமார் 0.4 மில்லிமீட்டர், ஆக மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல்). நீளம் 60 அங்குலம், 72 அங்குலம் இரண்டும் வேண்டும். உடைக்கு மேல், இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் கட்டுவதால் கால்சட்டை அளவோடு நான்கு முதல் ஆறு அங்குலம் கூடும், அதற்கு மேல்தான் முடிச்சும் தொங்கலும். நவீன அளவில் 36, 38 என்று வெட்டிக்கொண்டு போனால் அப்படியே திரும்பி வரும். பெரிய உடம்புக்காரருக்கு இருக்காதா என்று கேட்டுக் கேட்டுப் போவார்கள். 72க்கு மேல் சில வைத்திருங்கள், அவர்கள் வேறு எங்கும் கிடைக்காததால் விலை பேசாமல் வாங்குவார்கள்.

பை 4-5 அவுன்ஸ் தோலில். உள்ளே போன் நுழைய வேண்டும்! இப்போதைய பெரிய போன், உறையோடு ஏறக்குறைய ஏழு அங்குலம் நீளம், மூன்றரை அங்குலம் அகலம். வரலாற்றுப்படி அழகான சிறு சுருக்குப் பை செய்து வைத்தால் எடுத்துப் பார்ப்பார்கள், போனை நுழைத்துப் பார்ப்பார்கள், வைத்துவிடுவார்கள்.

சாயம் முக்கியம். வெயில், வியர்வை, வெள்ளைச் சட்டை. ஆல்கஹால் சாயம் போட்டபின் துணியால் நிறம் ஒட்டாத வரை தேய்த்து எடுத்து, மேலே பூச்சு கொடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் இருபது முறை தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் இன்னும் முடியவில்லை. சிவப்பும் கறுப்பும்தான் அதிகம் தொல்லை. சாயமிடாத தோல் வெயில் படும் பக்கம் மட்டும் கறுக்கும், ஒன்றன்மேல் ஒன்று தொங்கினால் கோடு விழும். நாளில் இரண்டு முறை இடம் மாற்றுங்கள்.

விலை மூன்று படியாக இருக்கட்டும். 8 முதல் 15 டாலர்: குவளை வார், சாவி வளையம், தலைமுடிப் பட்டை. 30 முதல் 70: பெல்ட், பை. 150க்கு மேல் ஒன்றிரண்டு: செதுக்கிய கைக்காப்பு, பெரிய தோள்பை. மேல் படி விற்பதற்கு மட்டும் இல்லை, ஆளை நிறுத்துவதற்கு. குவளை வார்தான் புது விழாவில் முதலில் தீரும். மது விற்கும் இடத்தில் மரக்குவளை வாங்கியவர் எல்லாருக்கும் கை காலியாக வேண்டும். வெட்டு மீதியில் செய்யலாம், ஐம்பது அறுபது கொண்டு போனாலும் தப்பில்லை.

மேசையில் ஒரு சுழல் துளைப்பான் இருக்கட்டும். இலவசமாக ஓட்டை போட்டுக் கொடுங்கள். நின்று காத்திருப்பவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிற்பார்கள்.

மருதாணி:
இடையில் ஒரு கேள்வி. அதே விழாவில் மருதாணி போடவும் வீட்டில் செய்த சோப்பு விற்கவும் நினைக்கிறேன். தனி விதி ஏதும் உண்டா?

வரிக்கணக்கு:
உண்டு. மருதாணியைத் தலைமுடிச் சாயமாகத்தான் எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்திருக்கிறது, சருமத்தில் நேரடியாகப் போட அனுமதி தரவில்லை. விழாக்களில் பரவலாகப் போடுகிறார்கள். ஆனாலும் இன்சூரன்ஸ் பாலிசி அதை ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், நடத்துபவரிடமும் சொல்லிவிடுங்கள். 'கறுப்பு மருதாணி' பக்கம் போகவே கூடாது. அதில் கலக்கும் பிபிடி என்ற சாய ரசாயனம் கொப்புளம், நிரந்தரத் தழும்பு வரை கொண்டுவிடும். உள்ளே இருக்கும் பொருட்களைப் பலகையில் எழுதிவையுங்கள், குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து.

சோப்பு: எண்ணெயும் காரமும் சேர்ந்த உண்மைச் சோப்பு, 'சுத்தம் செய்யும்' என்று மட்டும் சொன்னால் ஒரு வகை. 'சருமத்தை மென்மையாக்கும்' என்றால் அழகுசாதனம், பொருள் பட்டியலோடு லேபிள் வேண்டும். 'எக்சிமா குணமாகும்' என்று எழுதினால் மருந்தாகிவிடும். ஒரு சொல்லில் வகை மாறும்.

சக்கரம்:
இறகு விற்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், தொப்பிக்கு இறகு செருகும் தோல் கடைக்கும் இது பொருந்தும். காகம், பருந்து, ஆந்தை என்று அமெரிக்க நாட்டுப் பறவைகளின் இறகை, தரையில் கிடந்து எடுத்ததாக இருந்தாலும், விற்கக் கூடாது. 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் சட்டம். மயில், வான்கோழி, வளர்ப்பு வாத்து இறகு போதும், ரசீது வைத்திருங்கள். பிரபலப் படங்களின் சின்னங்களைத் தோலில் செதுக்கி விற்பதும் வேண்டாம்.

தோல்வார்:
கார்டு வாங்குவது எப்படி? அந்த இடத்தில் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது.

கூடாரக்காரர்:
வெற்று நிலத்தில் இரண்டு கோடு என்றால், மூவாயிரம் போன் வந்தபின் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு நெட்வொர்க்கில் ஒரு ஹாட்ஸ்பாட் வைத்திருங்கள். கார்டு ஆப்பில் ஆஃப்லைன் முறையை வீட்டிலேயே இயக்கிச் சோதித்துப் பாருங்கள். அதில் இரண்டு ஆபத்து: பிறகு கார்டு மறுக்கப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு, குறித்த நேரத்துக்குள் இணையம் கிடைக்காவிட்டால் அந்த விற்பனையே காலாவதியாகும். ஆஃப்லைனில் ஒரு விற்பனைக்கு 100 டாலர் என்று உச்சம் வைத்துக்கொண்டு, மாலையே வண்டியை எடுத்துச் சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் அனுப்பிவிடுங்கள்.

ரொக்கச் சில்லறை 200 டாலர்: ஒரு டாலர் 40, ஐந்து டாலர் 20, பத்து டாலர் 6. விலையெல்லாம் ஐந்தின் மடங்கு என்றால் ஒரு டாலர் தாள் அவ்வளவும் தேவைப்படாது, அதற்கு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பணப்பெட்டி மேசையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். பை விற்பவருக்கு அதுவே விளம்பரம். சார்ஜ் போட பெரிய பவர் பேங்க் இரண்டு, மரப்பெட்டிக்குள் மறைத்து.

தோல்வார்:
உடை, பேச்சு? பழைய ஆங்கிலப் பாணியில் பேச வேண்டுமா? வேட்டி கட்டலாமா?

ஊசிநூல்:
பேச்சுக்கு அவ்வளவு அலட்டிக்கொள்ள வேண்டாம். வந்தவரை 'மை லார்ட்', 'மை லேடி' என்று அழைத்து, 'குட் மாரோ' (பழைய பாணிக் காலை வணக்கம்) சொன்னால் கடைக்காரருக்குப் போதும். விலை, அளவு, பராமரிப்பு எல்லாம் தெளிவாகச் சாதாரணமாகவே பேசுங்கள். கூவி அழைக்கலாம், உங்கள் கடை முகப்புக்குள் நின்று. பக்கத்துக் கடையில் நிற்பவரை இழுப்பது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும். மேடை நிகழ்ச்சி நடக்கும்போது குரலைத் தாழ்த்துங்கள்.

உடை: லினன் அல்லது பருத்திச் சட்டை, முழங்காலுக்குக் கீழ் இறங்கும் தளர்ந்த கால்சட்டை, கையில்லா மேல்சட்டை, தொப்பி. ஜிப் தெரியக் கூடாது, ஓட்டப்பந்தயக் காலணி கூடாது, கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், மே மாத டெக்சாஸில் மயங்கி விழுவீர்கள். நாள் முழுக்க நிற்பதால் பழுப்புத் தோல் பூட்ஸுக்குள் நல்ல குஷன் பாதத்தட்டு.

வேட்டி பற்றி: பெரும்பாலான விழாக்கள் எலிசபெத் காலத்தைச் (1558-1603) சுற்றியே கதை அமைக்கின்றன. அதே நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நாகப்பட்டினத்தில் வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் கடல் கடந்து வந்த வணிகர் என்ற வேடம் காலத்துக்குப் பொருந்தும். பருத்தி வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை. பளபளக்கும் ஜரிகை, அச்சு பாலியஸ்டர் வேண்டாம். உடைப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே படம் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அன்று காலை வாசலில் விவாதிக்க நேரம் இருக்காது.

கூடாரக்காரர்:
கடைசியாக நாள் ஓட்டம். அமைப்பதற்கு வெள்ளிக்கிழமையை நம்பாதீர்கள், வியாழனே போக முடிந்தால் போங்கள். முதல் ஆண்டில் இடக்குறிகள் தவறாக இருக்கும், இரண்டு கடைக்கு ஒரே எண் கொடுத்திருப்பார்கள். முன்னால் வந்தவருக்குப் பேச நேரம் இருக்கும். அளக்கும் நாடாவும் ஒப்பந்த நகலும் கையில். தரை தாழ்வாக இருந்தால் அன்றே மாற்றம் கேளுங்கள். சரக்குப் பெட்டிகள் தரையிலிருந்து ஆறு அங்குலம் உயரத்தில், மரப் பேலட் மேல். தோலுக்கு ஈரம் ஆகாது, ஒரே இரவில் பூஞ்சை பிடிக்கும்.

காலையில் வண்டியை வெளியேற்றும் நேரம் பெரும்பாலும் திறப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன். அதன்பின் கைவண்டிதான். சேற்றில் சிறு சக்கரம் ஓடாது, பத்து அங்குலக் காற்றுச் சக்கரம் உள்ளதாக வாங்குங்கள். தனியாக வராதீர்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போது கடையில் ஒருவர் வேண்டும்.

முடிந்த நாளில் கான்வாஸ் நனைந்திருந்தால் மடித்து வண்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். இரண்டு நாளுக்குள் விரித்து முழுதாகக் காயவைக்காவிட்டால் கரும்புள்ளி விழும், போகவே போகாது.

வரிக்கணக்கு:
கணக்கையும் அதே இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு நாளின் ரொக்கம், கார்டு, வரி தனித்தனியாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் ஏப்ரல், மே, ஜூன் விற்பனைக்கு ஜூலை 20 கடைசி நாள். நேரத்துக்குள் கட்டினால் அரை சதவீதம் கழித்துக்கொள்ள டெக்சாஸ் அனுமதிக்கிறது.